ஆளில்லா மந்துகள்: நீலகிரிக் கல்வளையங்கள் கூறும் செய்தி

முன்னுரை

நீலகிரி என்றவுடன் தேயிலைத் தோட்டங்களும், மலை இரயிலும், உதகைத் தாவரவியல் பூங்காவும் நம் கண்முன் தோன்றும். இவை யாவும் இரண்டு நூற்றாண்டுகளுக்குள் எழுந்தவை. அவற்றுக்கு முன்னரும் அம்மலைமீது மக்கள் வாழ்ந்தனர், வீடு கட்டினர், கால்நடை வளர்த்தனர். அவர்கள் வாழ்ந்த இடங்கள் இன்று என்ன ஆயின என்று கேட்போர் சிலரே.

சில ஆண்டுகளுக்கு முன் மாணவர் சிலரோடு உதகைக்கும் பைக்காராவுக்கும் இடைப்பட்ட புல்வெளிச் சரிவொன்றில் நடந்து சென்றோம். சோலையின் ஓரத்தில் வட்டமாக அடுக்கப்பட்ட கற்சுவர் ஒன்று முழங்கால் அளவுக்குச் சரிந்து கிடந்தது. சுண்ணாம்போ சேறோ இல்லாத வெறுங்கல் அடுக்கு அது. ஒரு மாணவர், "இது தூர்ந்து போன கிணறா?" என்றார். மற்றொருவர், "சிறு கோட்டையாக இருக்கலாம்" என்றார். அது கிணறும் அன்று, கோட்டையும் அன்று; எருமைகளை இரவில் அடைத்த தொழுவம். அதன் அருகே ஒரு காலத்தில் குடும்பங்கள் வாழ்ந்தன. தமிழ் பயிலும் மாணவர்க்கே அது புலப்படவில்லை என்பது அன்று நம்மைச் சிந்திக்க வைத்தது. அச்சிந்தனையின் விளைவே இக்கட்டுரை.

ஆளில்லாத ஒரு மலைக்குடியிருப்பின் எச்சங்களை எவ்வாறு படிப்பது? அவ்வாறு படிப்பதால் யாருக்கு என்ன பயன்? இவ்விரு வினாக்களுக்கும் இங்கு விடை காண முயல்வோம்.

மந்து என்னும் சொல்

நீலகிரியின் மேட்டுப் புல்வெளிகளில் எருமை வளர்த்து வாழ்பவர் தோடர். அவர்களுடைய சிறு குடியிருப்பை 'மந்து' என்று வழங்குகிறோம். முத்தநாடு மந்து, மஞ்சக்கல் மந்து என்பன போன்ற பெயர்களை உதகை மக்கள் நன்கு அறிவர். மந்து என்பது படகரும் பிறரும் வழங்கும் வடிவம். தோடர் தம் மொழியில் அச்சொல் 'மொத்' என்பது போல ஒலிக்கும்.

இச்சொல் தமிழர்க்கு அயலானது அன்று. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியில் 'மன்று' என்னும் சொல்லுக்கு அவை என்ற பொருளோடு, பசுத்தொழு என்ற பொருளும், பசுமந்தை என்ற பொருளும் தரப்பட்டுள்ளன. பர்ரோ, எமனோ ஆகிய இரு அறிஞர்கள் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி தமிழின் மன்று, மன்றம், மந்தை ஆகியவற்றையும் தோடரின் குடியிருப்புப் பெயரையும் ஒரே வேரின் கீழ் வைக்கிறது. ஆக்கள் நின்ற இடமே மக்கள் கூடிய இடமாகவும், மக்கள் கூடிய இடமே நீதி வழங்கும் இடமாகவும் வளர்ந்த வரலாறு இவ்வொரு சொல்லுக்குள் அடங்கியுள்ளது. இன்று நாம் 'நீதிமன்றம்', 'தமிழ் மன்றம்' என்று கூறுகிறோம். அச்சொல்லின் பழைய பொருளாகிய ஆநிரை நிற்கும் இடம், மலைமேல் இன்றும் நடைமுறையில் உள்ளது.

தமிழ் மாணவர் மற்றொன்றையும் இங்கு எண்ணிப் பார்க்கலாம். நிலத்தால் நீலகிரி குறிஞ்சி. ஆனால் தோடரின் வாழ்க்கை முல்லை. அவர்கள் வேட்டையாடுபவர் அல்லர். பாலும் மோரும் நெய்யுமே அவர்கள் வாழ்வின் மையம். திணை என்பது நிலத்தை மட்டும் குறிப்பதன்று, வாழும் முறையையும் குறிப்பது என்று வகுப்பில் நாம் கூறுவதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு அரிது.

உதகமண்டலம் என்னும் ஊர்ப்பெயரே ஒரு மந்தின் பெயர்தான். 1821ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் எழுதப்பட்டுச் சென்னை இதழ் ஒன்றில் வெளியான கடிதத்தில் 'வோட்டொக்கிமந்து' என்பது போன்ற வடிவில் இப்பெயர் இடம்பெற்றுள்ளது. ஆங்கிலேயர் அதனை 'ஊட்டகமந்து' ஆக்கினர். பின்னர் அது 'ஊட்டி' எனச் சுருங்கியது. 'ஒற்றைக்கல் மந்து' என்பதே மூலம் என்று பொதுவாக விளக்கம் கூறுவர். எவ்வாறாயினும், ஒரு பெருநகரின் பெயருக்கு அடியில் ஓர் எருமைத் தொழுவம் இருக்கிறது என்பது உறுதி.

மந்தின் அமைப்பு

எச்சங்களைப் படிக்க வேண்டுமெனில் முழு உருவத்தை முதலில் அறிதல் வேண்டும். தோடரைப் பற்றி விரிவாக ஆராய்ந்தவர் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் என்னும் ஆங்கில அறிஞர். அவர் 1901, 1902ஆம் ஆண்டுகளில் நீலகிரியில் தங்கி ஆய்வு செய்து, 1906ஆம் ஆண்டில் தம் நூலை வெளியிட்டார். அவர் தரும் செய்திகளும் இன்று கண்ணால் காண்பனவும் சேர்ந்து மந்தின் அமைப்பை நமக்குத் தெளிவாக்குகின்றன.

மரபான தோடர் வீடு அரைப் பீப்பாயைக் கவிழ்த்து வைத்தாற் போன்ற வடிவினது. மூங்கிலும் பிரம்பும் கொண்டு வளைத்துக் கட்டிப் புல்லால் வேய்வர். ஏறத்தாழ 10 அடி உயரம், 18 அடி நீளம், 9 அடி அகலம் என்பது வழக்கமான அளவு. வாயில் 3 அடி உயரமே இருக்கும். தவழ்ந்துதான் உள்ளே செல்ல இயலும். குளிரும் காற்றும் காட்டு விலங்கும் உட்புகாதிருக்க இந்த ஏற்பாடு. வீடுகளைச் சுற்றித் தளர்கற்களால் தாழ்வான மதில் உண்டு. அம்மதிலின் வாயில் மனிதர் நுழையும் அளவுக்கே இருக்கும், எருமை நுழையாது.

வீட்டிலிருந்து சற்று விலகிப் பால்மனை அமைந்திருக்கும். தோடர்க்குப் பால்மனையே கோவில். தூய்மை விதிகளைக் காக்கும் ஒருவரே அங்குப் பாலைக் கடைவார். பெரும்பாலான பால்மனைகள் வீட்டின் வடிவத்தையே ஒத்திருக்கும். வானோக்கி எழும் கூம்பு வடிவப் பால்மனைகள் மிகச் சில. முத்தநாடு மந்தில் அத்தகைய ஒன்றை இன்றும் காணலாம்.

மூன்றாவது, எருமைத் தொழுவம். வட்டமான கற்சுவரும், குறுக்குக் கட்டைகள் செருகி அடைக்கும் வாயிலும் உடையது. கன்றுகளுக்குத் தனிச் சிறு அடைப்பும் உண்டு. நான்காவது, ஓடை. ஒரே ஓடையின் நீரைப் பால்மனைக்கு உரிய பகுதி என்றும், வீட்டுக்கு உரிய பகுதி என்றும் பிரித்து வழங்குவர் என ரிவர்ஸ் குறிக்கிறார். இந்நான்கையும் சூழ்ந்து ஒருபுறம் சோலை. மறுபுறம் மேய்ச்சல் புல்வெளி.

எஞ்சுவது எது?

இப்போது அம்மந்தில் மக்கள் இல்லை என்று கொள்வோம். முதலில் கூரைப்புல் அழுகும். பின்னர் மூங்கிலும் பிரம்பும் மட்கும். மழை மிகுந்த மலையில் இவை மறையப் பல ஆண்டுகள் தேவையில்லை. நாம் வழக்கமாகத் தேடும் சுவரோ ஓடோ செங்கல்லோ அங்குக் கிடைக்கா. எனவே, 'இங்கு ஒன்றும் இல்லை' என்று புதியவர் கூறிச் செல்வார்.

ஆயின் பழகிய கண் ஐந்து அடையாளங்களைக் காணும்.

முதலாவது, சரிவில் அமைந்த சமதளம். மலைச்சரிவு தானாகவே நீள்வட்டமாகச் சமப்படுவதில்லை. வீடு நின்ற இடம் அது. இரண்டாவது, அதனைச் சூழ்ந்த தாழ்மதிலின் அடிக்கற்கள். மூன்றாவது, வட்டத் தொழுவம். குளம்புகள் மிதித்தும் சாணத்தை அள்ளியும் அதன் நடுப்பகுதி பள்ளமாகியிருக்கக் கூடும். அந்த மண்ணில் முளைப்பனவும் சுற்றுப்புறத்தினின்று வேறுபட்டுச் செழித்திருக்கக் கூடும். கால்நடை அடைத்த மண்ணில் பாஸ்பேட் மிகுந்திருக்கும் என்பதால், தொல்லியலார் உலகின் பல பகுதிகளிலும் மண்ணைச் சோதித்துப் பழந்தொழுவங்களைக் கண்டறிகின்றனர்.

நான்காவது, தடம். எருமைகள் நாள்தோறும் ஒரே வழியில் மேய்ச்சலுக்குச் சென்று மீள்வதால் புல்வெளியில் பதிந்த பள்ளத்தடம் நெடுங்காலம் அழியாது. ஐந்தாவது, தனிக்கற்கள். சில மந்துகளில் வழிபாட்டுக்கு உரிய நடுகற்கள் உண்டு. இளைஞர் தம் வலிமையைக் காட்டத் தூக்கும் உருண்டைக் கல்லும் உண்டு. நம் தென்பாண்டிச் சிற்றூர்களில் கிடக்கும் இளவட்டக்கல்லை நினைவு கொள்வோர்க்கு இது வியப்பாக இராது.

இவ்வைந்தும் ஒருங்கே அமைந்த இடத்தை மந்து என்று துணிந்து கூறலாம். ஒன்று மட்டும் கிடைத்தால் துணிதல் கூடாது. இதுவே இவ்வாய்வின் முதற்பாடம்.

வட்டங்கள் பல, கைகள் பல

நீலகிரியில் கல்வட்டம் கண்ட இடமெல்லாம் மந்து என்று கொள்வதும் பிழை. குன்றுகளின் உச்சியில் கற்குவைகளும் கிணறு போன்ற வட்டச் சுவர்களும் பல உள்ளன. அவை பழங்காலத்து ஈமச்சின்னங்கள். கேப்டன் காங்கிரீவ் என்பார் இவற்றைப் பற்றி 1847ஆம் ஆண்டில் எழுதினார். நீலகிரியின் முதல் ஆணையராகிய ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ் பல குவைகளை அகழ்ந்து தாம் கண்டவற்றைத் தொகுத்தார். 1872இல் அவர் மறைந்தபின், 1873இல் அவருடைய நூல் வெளிவந்தது. எருமை முதலிய விலங்குகளின் உருவங்களை மூடிமேல் கொண்ட மட்கலங்கள், வெண்கலக் கிண்ணங்கள், இரும்புக் கருவிகள், பொன்னணிகள் ஆகியவை அக்குவைகளில் கிடைத்தன. அவற்றை இன்று சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திலும் இலண்டன் பிரித்தானிய அருங்காட்சியகத்திலும் காணலாம். அவற்றுட் பல கி.பி. முதல் ஆயிரம் ஆண்டுகளுக்கு உரியவை என ஆய்வாளர் கருதுவர்.

காங்கிரீவ் இக்குவைகளைத் தோடர் முன்னோரின் ஆக்கம் என்றே வாதிட்டார். வட்டத் தொழுவமும் வட்டக் குவையும் ஒத்திருப்பது அவருக்குச் சான்றாயிற்று. ஆனால் அக்குவைகளை வெள்ளையர் தோண்டியபோது தோடர் அவற்றைத் தம் முன்னோருடையவை என உரிமை கொண்டாடவில்லை என்பதைப் பிறர் சுட்டிக்காட்டினர். இவ்வழக்கு நெடுங்காலம் நடந்தது. இதற்கிடையே, தோடர் இறுதிச் சடங்கில் சாம்பலைப் புதைக்கும் இடத்திலும் ஒரு சிறு கல்வட்டம் உண்டு. அண்மைக் காலத்தில் உருளைக்கிழங்குத் தோட்டத்தைத் திருத்தியவர் பொறுக்கிக் குவித்த கற்களும் உண்டு.

ஆகவே, இடத்தை நோக்குதல் வேண்டும். உச்சியில் இருப்பது ஈமக்குவையாகலாம். சோலையும் ஓடையும் அடுத்த மென்சரிவில், வாயிலோடு கூடியிருப்பது தொழுவமாகலாம். ஒரே வடிவம் ஒரே கையைக் காட்டாது. இதுவே இரண்டாம் பாடம்.

தொழுவமும் வரலாறே

'மாட்டுத் தொழுவத்தில் என்ன தொல்லியல்?' என்று வினவுவோர் உளர். அவர்க்குத் தக்காணம் விடை தருகிறது. கருநாடக, ஆந்திர, தெலங்கானப் பகுதிகளில் சாம்பல்மேடுகள் பல உள்ளன. அவை எரிமலைச் சாம்பல் என்றும், சூளைக் கழிவு என்றும் பலரும் பலவாறு கருதினர். 1957ஆம் ஆண்டில் எஃப். ஆர். ஆல்ச்சின் என்னும் அறிஞர், இன்றைய தெலங்கானாவில் உள்ள உட்னூரில் அத்தகைய மேடொன்றை அகழ்ந்தார். மரக்கால்கள் நட்டு வளைத்த பெருந்தொழுவத்தின் தடயங்களையும், மாட்டுக் குளம்புகள் பதிந்த சுவடுகளையும் அங்குக் கண்டார். பலமுறை எரிக்கப்பட்ட சாணமே அந்தச் சாம்பல் என்பது தெளிவாயிற்று. ஏறத்தாழ நாலாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட புதிய கற்கால ஆயர்களின் வரலாறு ஒரு தொழுவத்தின் தரையிலிருந்தே எழுதப்பட்டது.

இங்கிலாந்தின் யார்க்சயரில் உள்ள வாரம் பெர்சி என்னும் கைவிடப்பட்ட சிற்றூரை, 1950ஆம் ஆண்டு முதல் 1990ஆம் ஆண்டு வரை கோடைதோறும் அகழ்ந்தனர். அங்கு அரண்மனை இல்லை. பெரும்பாலும் உழவர் வீடுகளே இருந்தன. நாற்பதாண்டு உழைப்பை ஏழை உழவரின் வீட்டுத்தரைக்குத் தந்தனர். அவ்வளவு மதிப்பை நம் மலைவாழ் மக்களின் வீட்டுத்தரைக்கு நாம் தந்திருக்கிறோமா என்பதே கேள்வி.

காகிதம் உள்ள பண்ணை

கைவிடப்பட்ட எல்லா இடங்களும் மறக்கப்படுவதில்லை. உதகைக்கும் குன்னூருக்கும் இடையே உள்ள கேத்தியின் வரலாற்றைக் காண்போம்.

சென்னை ஆளுநராக இருந்த லஷிங்டன் காலத்தில், 1830ஐ ஒட்டிக் கேத்தியில் அரசுச் சோதனைப் பண்ணை ஒன்று தொடங்கப்பட்டது. ஐரோப்பியப் பயிர்களையும் காய்கனிகளையும் மலைமேல் விளைவித்துப் பார்ப்பது அதன் நோக்கம். அடுத்து வந்த ஆளுநர் சர் பிரடெரிக் ஆடம் 1836இல் அதனை மூடிவிட்டார். அதற்கு முந்திய ஆண்டில் கல்கத்தாவிலிருந்து வந்த தேயிலைச் செடிகளுட் சில அங்கு நடப்பட்டிருந்தன. பண்ணை மூடப்பட்டதும் அதன் இல்லம் புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் வசம் வந்தது. அவர் வழியாக அங்கு வந்த பெரோத்தே என்னும் தாவரவியலார், அச்செடிகள் முதற்கிளை வரை மண்ணில் புதைந்து நலிந்திருப்பதைக் கண்டார். மண்ணை அகற்றிப் பேணினார், செடிகள் தழைத்தன. நீலகிரியில் தேயிலை விளையும் என்பதற்கு அது தொடக்கக் காலச் சான்றுகளுள் ஒன்றாயிற்று. மலையை இன்று போர்த்தியுள்ள பசுமையின் வரலாற்றில், கைவிடப்பட்ட ஒரு பண்ணைக்கும் பங்குண்டு!

ஆறாண்டே நடந்த அப்பண்ணையின் கதை நமக்கு இவ்வளவு விரிவாகத் தெரிவது எதனால்? ஆணைகளும் கடிதங்களும் அறிக்கைகளும் இருந்தமையால். அதுபோலவே, கோவை ஆட்சியர் ஜான் சல்லிவன் கோத்தகிரியை அடுத்த கன்னேரிமுக்கில் எழுப்பிய பெத்தக்கல் மாளிகை நெடுங்காலம் பாழடைந்து கிடந்தபின், இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் சீரமைக்கப்பட்டு நினைவகமாக விளங்குகிறது. இது பாராட்டத் தக்க பணியே. ஆனால் பல தலைமுறைகள் வாழ்ந்த மந்துக்குக் காகிதம் இல்லை. அதற்கு உள்ள ஆவணங்கள் இரண்டே: ஒன்று கல்; மற்றொன்று பெயர்.

காலியிடம் வேறு, கைவிட்ட இடம் வேறு

இங்கு நாம் இதுவரை வழங்கிய 'கைவிடப்பட்ட' என்னும் சொல்லையே ஆராய வேண்டியுள்ளது.

தோடர் ஆண்டு முழுவதும் ஒரே மந்தில் தங்கும் வழக்கினர் அல்லர். திசம்பர் முதல் மார்ச்சு வரை உறைபனியும் வறட்சியும் உதகைப் பக்கத்துப் புல்லைக் கருக்கிவிடும். அக்காலத்தில் மேற்கே குந்தா மலைப்பக்கத்து மந்துகளுக்கு எருமைகளை ஓட்டிச் செல்வர். மழை தொடங்கியதும் மீள்வர். ஆகவே, ஒரு மந்து சில திங்கள் ஆளின்றி இருப்பது வாழ்க்கை முறையே. சில மந்துகள் ஆண்டுக்கொரு சடங்குக்காக மட்டும் திறக்கப்படும். ஒரு குடும்பம் அருகிவிட்டால் அதன் மந்து பல்லாண்டுகள் வெறுமையாக இருந்து, பின்னர் உறவினர் வந்து குடியேறுவதும் உண்டு.

குடியிருப்போர் இல்லாத மந்துகளையும் ரிவர்ஸ் குலந்தோறும் பட்டியலிட்டுள்ளார். பால்மனை வழிபாட்டில் மந்து, தொழுவம், ஓடை, கல், எருமை ஆகியவற்றின் சிறப்புப் பெயர்களை வரிசையாகக் கூறி வேண்டுவர் என்பதையும் அவர் பதிவு செய்துள்ளார். தோடா மொழியை 1930களில் ஆராய்ந்த எமனோ, தோடர் பாடல்களிலும் இடப்பெயர்கள் நிறைந்திருப்பதைக் காட்டினார். கூரை போனபின்னும் ஓர் இடம் வேண்டுதலில் வாழ்கிறது. எனவே, ஆளில்லை என்பதால் உரிமை இல்லை என்றாகாது. நினைவு இல்லை என்றும் ஆகாது.

ஆனால் வெளியிலிருந்து வந்தோர் வேறுவகையாகக் கண்டனர். உழவு இல்லாத நிலம் அவர்களுக்குத் தரிசு. ஆளில்லாத மந்து அவர்களுக்குக் காலியிடம். புல்வெளிகளின் உடைமையாளர் தோடரே என்றும், அவர்க்கு ஈடு தரவேண்டும் என்றும் சல்லிவன் வாதிட்டார். அவர்க்கு இருப்பது மேய்ச்சல் உரிமை மட்டுமே என்று எதிர்த்தரப்பினர் கூறினர். சல்லிவனும் உதகையில் பெருநிலம் கொண்டவர் என்பதை மறத்தற்கில்லை. எனினும், இவ்வழக்கில் வென்றது இரண்டாம் கருத்தே.

அதன்பின் புல்வெளிகளில் தைல மரமும் சீகை மரமும் நடப்பட்டன. தேயிலையும் கிழங்கும் பரவின. 1950களில் தொடங்கிய குந்தா நீர்மின் திட்டத்தின் அணைகள் பள்ளத்தாக்குகளை நீரால் நிரப்பின. நாடு வளர இவற்றுட் பல தேவைப்பட்டன என்பதை ஒப்புக்கொள்வோம். ஆயினும் மேய்ச்சல் நிலம் குறுகியதால் எருமைகள் குறைந்தன; எருமைகள் குறைந்ததால் தொழுவங்கள் வெறுமையாயின; தொழுவங்கள் வெறுமையானதால் நிலம் 'கைவிடப்பட்டது' எனக் கருதப்பட்டது. விளைவையே காரணமாக்கிக் கூறும் இப்பிழையை நாமும் செய்துவிடலாகாது.

சட்டத்தின் முன் ஒரு கல்

இக்கற்களின் மதிப்பு நூலறிவோடு நின்றுவிடுவதன்று. 2006ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் வன உரிமைச் சட்டத்தை இயற்றியது. அதன் விதிகள் 2008ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் அறிவிக்கப்பட்டன. பழங்குடியினரும் வழிவழியாக வனத்தில் வாழ்வோரும் தம் உரிமையை நிறுவ எவையெவை சான்றாகும் என்று அவ்விதிகளுள் 13ஆவது விதி கூறுகிறது. மரபுவழி மேய்ச்சல் நிலங்கள், உள்ளூர்ச் சமூகத்தார் கட்டிய கட்டுமானங்களின் எச்சங்கள், புனித மரங்கள், சோலைகள், நீர்நிலைகள், இடுகாடுகள், சுடுகாடுகள் ஆகியவை சமூக உரிமைக்குச் சான்றாக அங்குக் குறிக்கப்பட்டுள்ளன. அரசிதழ்களும் வரைபடங்களும், எழுத்தில் பதிந்த முதியோர் வாக்குமூலங்களும் சான்றுகளாகும். ஒரு சான்றோடு நில்லாது ஒன்றுக்கு மேற்பட்ட சான்றுகளைக் கருத வேண்டும் என்றும் விதி கூறுகிறது.

இதன் பொருள் யாது? சரிந்த தொழுவச் சுவர் ஒன்று, காகிதம் இல்லாத மக்களுக்கு ஆவணமாகலாம். அக்கற்களை எவரேனும் வேலி கட்டவோ சாலை போடவோ பெயர்த்துச் சென்றால், அழிவது பழம்பொருள் மட்டும் அன்று. ஒரு சமூகத்தின் பத்திரத்தில் ஒரு பக்கம் கிழிக்கப்படுகிறது. கல்லும் பெயரும் முதியவர் வாய்மொழியும் ஒன்று சேரும்போதுதான் சான்று நிறைவு பெறும். மூன்றுள் முதியவர் வாய்மொழியே முதலில் மறைவது என்பதையும் நினைவிற் கொள்வோம்.

நாம் செய்யத் தக்கன

மாணவர்க்குச் சில சொற்கள்: மலைக்குச் செல்வோர் கல்வட்டம் ஒன்றைக் கண்டால் முதலில் அதனைத் தொடாதீர்கள். ஒரு கல்லும் இடம் பெயரலாகாது. காலடியால் அளந்து குறுக்களவைக் குறியுங்கள். வாயில் எத்திசை நோக்குகிறது, ஓடை எவ்வளவு தொலைவு, சோலை எப்பக்கம் என்பவற்றை எழுதுங்கள். எளிய வரைபடம் ஒன்று வரையுங்கள். தோண்டுதல் உரிமம் பெற்ற தொல்லியலாரின் பணி. அது நம் பணி அன்று. வனப்பகுதிக்குள் செல்ல வனத்துறையின் இசைவு வேண்டும். மந்துக்குள் செல்ல அம்மந்தினரின் இசைவு வேண்டும். பால்மனையை நெருங்குதல் கூடாது. ஒருவர் தொழுமிடத்தின் தூய்மையை மதிப்பது எப்படி என்பதை நமக்குப் பிறர் கற்பிக்க வேண்டியதில்லை.

ஆசிரியர்க்கு: இடப்பெயர் ஆய்வைத் தமிழ்த்துறை தன் பணியாகக் கொள்ளலாம். மந்து, அட்டி, கோக்கால் என்று முடியும் ஊர்ப்பெயர்கள் முறையே தோடர், படகர், கோத்தர் குடியிருப்புகளைச் சுட்டுவன. அவற்றைத் தொகுத்து, உரியவர் உச்சரிக்கும் வண்ணமே எழுதி வைப்பதற்கு அகழ்வுக் கருவி எதுவும் வேண்டா. செவியும் பொறுமையும் போதும்.

பெரியோர்க்கு: மலையோடு வாணிகத் தொடர்பு கொண்டிருந்த குடும்பங்களில் பழைய நிலப்பத்திரங்களும், கணக்கேடுகளும், ஒளிப்படங்களும் பெட்டிகளில் உறங்கக் கூடும். அவற்றில் எல்லை குறிக்கும்போது எழுதப்பட்ட ஒரு மந்தின் பெயர், இன்று வேறெங்கும் கிடைக்காத செய்தியாக இருக்கலாம். எடைக்குப் போடுமுன் ஒருமுறை பிரித்துப் பார்க்க வேண்டுகிறோம்.

முடிவுரை

மன்று என்னும் சொல் தொழுவத்தில் பிறந்து நீதிமன்றம் வரை வந்தது. அச்சொல்லின் பழம்பொருளை இன்றும் தாங்கி நிற்கும் கல்வளையம் மலைச்சரிவில் சிதறிக் கிடக்கிறது. அதனைக் கிணறென்றும் கோட்டையென்றும் நாம் மயங்கிய நாள் போகட்டும். அது வீட்டின் எச்சம். ஒரு மக்கள் திரளின் நினைவு. சட்டம் ஏற்கும் சான்று.

காலியாகத் தோன்றும் இடமெல்லாம் கைவிடப்பட்டதன்று. கைவிடப்பட்ட இடமும் வெற்றிடம் அன்று. அடுத்த முறை மலையேறும்போது, தேயிலைப் பசுமையைக் கண்டு மகிழும் நம் கண்கள் சோலையோரத்துச் சரிந்த கற்களையும் ஒரு கணம் நோக்கட்டும். நோக்கியபின், அவற்றை இருந்த இடத்திலேயே விட்டு வருவோம்.